பையில் இருக்கும் புரதமும் இறாலுக்குச் சேரும் புரதமும்

ஸ்காம்பி என்ற நன்னீர் இறாலுக்கான தீவனப் பையைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். கச்சாப் புரதம் 32, கொழுப்பு 5, நார் 6, ஈரம் 12 என்று நாலைந்து எண்கள். வாங்குகிறவர் முதலில் பார்ப்பது புரதத்தை, அடுத்து விலையை. அந்தக் கட்டத்தில் இல்லாத எண் ஒன்று உண்டு: அந்த 32-ல் எத்தனை இறாலின் உடம்பில் ஏறும், எத்தனை கழிவாகக் குளத்தின் அடியில் சேரும்? இந்தப் பதிவு முழுக்க அந்த எண்ணைப் பற்றித்தான்.

32 சதவீதப் புரதமுள்ள 100 கிலோ தீவனத்தில் நைட்ரஜன் 5.12 கிலோ (புரதத்தை 6.25-ஆல் வகுத்தால் வருவது). புரதத்தில் 85 சதவீதம் செரித்தால் கழிவோடு வெளியேறும் நைட்ரஜன் முக்கால் கிலோ சொச்சம். 70 சதவீதம்தான் செரிக்கிறது என்றால் அது ஒன்றரை கிலோ, அதாவது இரண்டு மடங்கு. பை ஒன்றுதான், எண் ஒன்றுதான், ஆனால் அடிச்சேறு கறுப்பதும், விடியற்காலையில் ஆக்சிஜன் இறங்குவதும், அம்மோனியா ஏறுவதும் வேறு வேறு அளவில் நடக்கும்.

இங்கே பேசுவது மேக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கி என்ற நன்னீர் இறாலைப் பற்றி. நீலக்கால், ஸ்காம்பி, கேரளத்தில் ஆற்றுக்கொஞ்சு. 2000-களின் நடுவில் ஆந்திரத்தில், குறிப்பாக நெல்லூர்ப் பக்கம், கொடிகட்டிப் பறந்த இனம். வெள்ளை வால் நோயும், ஒரே கொடிவழியிலேயே திரும்பத் திரும்பக் குஞ்சு எடுத்ததும், 2009-க்குப் பிறகு வந்த வனாமி என்ற கடல் இறாலும் சேர்ந்து அதை ஓரங்கட்டின. இப்போது வளர்ப்பவர்களில் பலர் வனாமித் தீவனத்தையே இதற்கும் போடுகிறார்கள். இரண்டும் இறால்தானே என்ற கணக்கு. வயிற்றைத் திறந்து பார்த்தால் அந்தக் கணக்கு இடிக்கும்.

வாயில்தான் அம்மி

வனாமி போன்ற கடல் இறால்களுக்கு இரைப்பைக்குள் அரைக்கும் பற்கள் உண்டு. நீலக்காலுக்கு அப்படி வளர்ந்த அரைவை அமைப்பு இல்லை. நறுக்குவதும் நசுக்குவதும் தாடையிலேயே முடிந்துவிட வேண்டும். குச்சித் தீவனத்தை முன்கால்களால் பிடித்து, வாயருகே வைத்து, ஓரம் ஓரமாகக் கொறிக்கும். கொறிக்கும்போது தூள் உதிரும். உதிர்ந்ததைத் திரும்பப் பொறுக்குவது குறைவு. பதினைந்து இருபது நிமிடம் ஒரே குச்சியை வைத்துக்கொண்டு கொறிப்பதைக் கண்ணாடித் தொட்டியில் பார்க்கலாம். அதற்குள் குச்சி நீரில் ஊறி உடைந்தால் பாதி போனதுதான்.

விழுங்கியது இரைப்பையில் செரிமான நீரோடு கலக்கிறது. இறாலின் இரைப்பையில் நம் வயிற்றைப் போலக் கடும் அமிலம் இல்லை, பெப்சினும் இல்லை. புரதத்தை உடைக்கும் வேலை முழுவதும் டிரிப்சின், கைமோடிரிப்சின் வகை நொதிகள் தலையில். இவை சுரப்பது தலை ஓட்டுக்குள் மஞ்சள்-பழுப்பாகத் தெரியும் கணையக்கல்லீரலில். உறிஞ்சுவதும் பெரும்பாலும் அங்கேதான். இரைப்பையின் பின்னறையில் மயிரிழை போன்ற அமைப்புகளால் ஆன வடிகட்டி ஒன்று இருக்கிறது. கரைந்ததும் மிக நுண்ணிய துகளும் மட்டும் அதைத் தாண்டிக் கணையக்கல்லீரலுக்குப் போகும். மற்றது நேராகக் குடலுக்குள் தள்ளப்பட்டு, மெல்லிய உறை போர்த்திக்கொண்டு, நூலாக வெளியே வரும்.

மூலப்பொருளைப் பற்றிய பாதி முடிவுகள் இந்த உடற்கூறிலிருந்தே வந்துவிடும். கொரகொரப்பாக அரைத்த புண்ணாக்கு வடிகட்டியில் நின்று, சத்தோடு வெளியே போகும். 250 மைக்ரான் சல்லடையில், அதாவது 60 கண் சல்லடையில், முழுவதும் இறங்கும்படி அரைத்தாக வேண்டும். பச்சை சோயாவில் உள்ள டிரிப்சின் தடுப்பான் இறாலின் முக்கிய ஆயுதத்தையே மழுக்கிவிடும். அமிலம் இல்லாததால் எலும்பிலும் டிரைகால்சியம் பாஸ்பேட்டிலும் உள்ள பாஸ்பரஸ் கரையாது. வனாமியில் செய்த அளவீட்டில் மோனோகால்சியம் பாஸ்பேட்டின் பாஸ்பரஸ் சுமார் 46 சதவீதமும், டைகால்சியம் 19-ம், டிரைகால்சியம் 10-ம்தான் உடம்பில் சேர்ந்தன. எண்கள் வனாமியுடையவை, ஆனால் அமிலமில்லாத வயிறு நீலக்காலுக்கும் பொது. விலை குறைவு என்று டைகால்சியம் பாஸ்பேட்டை அள்ளிப் போடுவது குளத்துப் பாசிக்கு உரம் போடுவதுதான். தாவரப் பொருளில் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸை விடுவித்து, கோழித் தீவனத்தில் நன்றாக வேலை செய்யும் பைட்டேஸ் நொதியும் இதே காரணத்தால்தான் இங்கே மந்தமாகிறது. அதில் பெரும்பாலானவற்றுக்கு அமிலம் வேண்டும். சேர்ப்பதென்றால் தீவனமாக்கும் முன்பே புண்ணாக்கை நனைத்து, நொதியைக் கலந்து, அங்கேயே வேலையை முடிக்க வைப்பது மேல்.

மாவுச்சத்து விஷயத்தில் நீலக்கால் கெட்டிக்காரன். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதி நன்றாகவே சுரக்கிறது. கொழுப்புக்கு மூன்று நான்கு மடங்கு மாவுச்சத்து இருந்தால் எரிபொருளுக்கு அதை எடுத்துக்கொண்டு புரதத்தை வளர்ச்சிக்கு விடும் என்பது 1970-களின் கடைசியிலேயே தெரிந்த சங்கதி. ஆனால் மாவு வெந்திருக்க வேண்டும். வேகாத மாவுமணி ஒரு பூட்டிய பெட்டி. நொதி அதன் மேல் சுற்றிவருவதற்குள் குடலைத் தாண்டிவிடும். உணவு உள்ளே இருப்பதே சில மணி நேரம்தான்.

அளப்பது எப்படி

செரிமானத்தை அளக்க நேர்வழி, தின்றதை எல்லாம் எடை போட்டு, கழித்ததை எல்லாம் எடை போடுவது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் அது நடக்கும். தண்ணீருக்குள் கொறித்து உதிர்க்கும் பிராணிக்கு நடக்காது. அதனால் செரிக்காத, உறிஞ்சப்படாத ஒரு அடையாளப் பொருளைத் தீவனத்தில் கலந்துவிடுகிறோம். வழக்கமானது குரோமிக் ஆக்சைடு என்ற பச்சைத் தூள், 0.5 முதல் 1 சதவீதம். சத்து உறிஞ்சப்பட்டுக் குறையக் குறைய, கழிவில் அடையாளத்தின் செறிவு கூடும்.

தீவனத்தில் 1 சதவீதம் இருந்த குரோமிக் ஆக்சைடு கழிவில் 4 சதவீதமாக ஏறியிருந்தால், நான்கில் மூன்று பங்கு உள்ளே போய்விட்டது என்று பொருள். உலர்பொருள் செரிமானம் 75. புரதத்துக்கு இன்னொரு விகிதம் சேர்ந்துகொள்ளும். தீவனத்தில் புரதம் 36, கழிவில் 18 என்றால்: 100 × (1 − (1/4 × 18/36)) = 87.5. கணக்கு இவ்வளவுதான். தப்பு நடப்பதெல்லாம் கணக்குக்கு முன்னால்.

முதல் தப்பு கலப்பதில். 10 கிலோ தீவனத்துக்கு 100 கிராம் பச்சைத் தூளை நேராகக் கொட்டிக் கிளறினால் ஒரு குச்சி கரும்பச்சையாகவும் இன்னொன்று வெளிறியும் வரும். முதலில் 100 கிராம் மைதாவோடு கலந்து, அந்த 200-ஐ இன்னொரு 200-ஓடு, அந்த 400-ஐ இன்னொரு 400-ஓடு என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். குச்சியை முறித்து உட்புறத்தைப் பாருங்கள். பச்சைக் கோடு தெரிந்தால் திரும்பக் கலக்க வேண்டியதுதான்.

அடுத்தது இறாலைத் தேர்ந்தெடுப்பதில். இந்த இனத்து ஆண்களில் மூன்று வகை உண்டு. ஒரே தொட்டியில் பெரிய நீலக்கால் ஆண், ஆரஞ்சுக்கால் ஆண், சிறு ஆண் மூன்றும் இருந்தால் பெரியது தின்னும், சிறியது பட்டினி கிடக்கும், நீங்கள் அளப்பது அண்ணாச்சியின் வயிற்றை மட்டும். ஒரே அளவுள்ள இளசுகளையோ ஆரஞ்சுக்கால்களையோ வலை தடுப்புகளில் தனித்தனியாக, ஒளிந்துகொள்ளக் குழாய்த்துண்டு ஒன்றோடு வைக்க வேண்டும். அடி வெறுமையாக இருக்கட்டும், மணல் கூடாது. வெப்பம் 28 முதல் 30 டிகிரிக்குள். சட்டை உரிப்பதற்கு முன்னும் பின்னும் ஓரிரு நாள் இறால் தின்னாது. அந்த நாட்களில் அதை ஆட்டத்திலிருந்து விலக்கி, உரித்த சட்டையை உடனே எடுத்துவிட வேண்டும். கிடந்தால் அதையே தின்னும், அந்தச் சட்டையில் உள்ள கைட்டின் என்ற ஓட்டுப்பொருள் கழிவில் புரதமாகக் கணக்கில் ஏறும்.

அடையாளத் தீவனத்துக்குப் பழக ஏழு நாள். பிறகு தினமும் மாலை ஆறு மணிக்குத் தீவனம். இரவுப் பிராணி, இருட்டினால்தான் ஆர்வம் வரும். ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்து, அடியைக் குழாயால் உறிஞ்சிச் சுத்தம் செய்ய வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் கழிவு வரத் தொடங்கும். பச்சை நூல் போல, இரண்டு மூன்று சென்டிமீட்டர், உறையின் மினுமினுப்போடு கிடக்கும். தீவன உதிரி இப்படி இருக்காது. தொட்டால் பரவும், மினுங்காது. முழு நூலாக இருப்பதை மட்டும் அகன்ற வாய்க் குழலால் உறிஞ்சி எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் ஒருமுறை மெல்ல அலசி, அப்போதே உறைய வைக்க வேண்டும். மணிக்கு ஒருமுறை எடுத்தால் நல்லது, இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. காலையில் வந்து மொத்தமாக வாரிக்கொள்ளலாம் என்று விட்டால் உறை கிழிந்து, கரையக்கூடிய புரதம் நீரில் போய்விட்டிருக்கும். கழிவில் புரதம் குறைவாகத் தெரியும், செரிமானம் அபாரம் என்று காகிதத்தில் வரும். நம்பவே முடியாத அளவு நல்ல எண்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு தூக்கம் இருக்கும்.

எவ்வளவு கழிவு வேண்டும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 15 கிராம் இறால் நாளுக்கு எடையில் 3 சதவீதம், அதாவது 0.45 கிராம் தின்னும். அதில் கால்பங்கு கழிவானால் உலர்ந்த எடையில் சுமார் 0.1 கிராம். 20 இறாலுக்கு 2 கிராம். முழு நூலாகக் கைக்கு அகப்படுவது அதில் பாதி. புரதம், கொழுப்பு, சாம்பல், குரோமியம் எல்லாம் பார்க்க 8, 10 கிராமாவது வேண்டும். ஆக ஒரு தொட்டிக்குப் பத்து இரவு. ஒரு மூலப்பொருளுக்கு மூன்று தொட்டியாவது வைக்காமல் எதையும் சொல்ல முடியாது. ஆராய்ச்சி மாணவர்கள் இரவில் ஏன் விழித்திருக்கிறார்கள் என்று வீட்டார் கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

சேர்த்ததை 60 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்துங்கள். சூடு கூடினால் நைட்ரஜன் ஆவியாகும். குரோமியம் பார்க்க அமிலத்தில் கரைக்கும் முறை பெர்குளோரிக் அமிலத்தைக் கேட்கும். முதலில் நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்துக் கரிமப் பொருளை எரித்து முடித்த பிறகே பெர்குளோரிக் ஊற்ற வேண்டும், அதுவும் அதற்கென்று அமைத்த புகைக்கூண்டில். வரிசை மாறினால் வெடிக்கும். அதோடு, நச்சில்லாத பச்சைத் தூள் அந்தக் கரைசலில் ஆறு இணைதிறன் குரோமியமாக மாறி நஞ்சாகிவிடும், சாக்கடையில் கொட்டக் கூடாது. இந்த வசதி இல்லாத இடங்களில் அமிலத்தில் கரையாத சாம்பலையே அடையாளமாக எடுக்கலாம். எரிசூளையும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் போதும். தீவனத்தில் அது இயல்பாகக் குறைவாக இருந்தால் சிலிக்கா மண்தூள் ஒரு சதவீதம் சேர்த்துக்கொள்வார்கள். தொட்டியில் மணல் இருந்தால் மட்டும் இது மொத்தமாகப் பொய்த்துவிடும்.

இன்னொரு ஓட்டை, தின்பதற்கு முன் கரைவது. மீன்சாறு, இறால்சாறு போன்றவை முதல் அரைமணி நேரத்திலேயே நீரில் இறங்கிவிடும். அதை இறால் தின்றுவிட்டதாகவே சூத்திரம் எண்ணிக்கொள்ளும். இறால் இல்லாத தொட்டியில் அதே தீவனத்தை ஒரு மணி நேரம் போட்டு எடுத்து, உலர்த்தி, மீண்டும் புரதம் பார்த்து, அந்த எண்ணைச் சூத்திரத்தில் வைப்பதுதான் நேர்மை.

மூலப்பொருள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக

சோயாப் புண்ணாக்கை மட்டும் போட்டால் இறால் தின்னாது. எனவே நல்ல அடிப்படைத் தீவனம் 70 பங்கு, சோதிக்கும் பொருள் 30 பங்கு என்று கலந்து, இரண்டின் செரிமானத்தையும் பார்த்து, வித்தியாசத்திலிருந்து பொருளின் எண்ணைப் பிரித்தெடுக்கிறோம். அடிப்படைத் தீவனத்தில் புரதம் 36, செரிமானம் 88 என்றும், சோயாவில் புரதம் 50, கலவையின் செரிமானம் 86 என்றும் வைத்துக்கொள்வோம். சோயாவின் செரிமானம் = 86 + (86 − 88) × (0.7 × 36) / (0.3 × 50) = 82.6. புரத அளவைக் கணக்கில் எடுக்காத பழைய சூத்திரம் 81.3 என்று தரும். இங்கே வித்தியாசம் சின்னது. புரதம் குறைந்த தவிடு போன்ற பொருளுக்கு அது பெரிதாகிவிடும். எந்தச் சூத்திரம் என்று சொல்லாத அட்டவணையை ஒதுக்கிவைப்பது நல்லது.

இதைவிடக் கவனிக்க வேண்டியது பிழை பெருகும் விதம். கலவையின் செரிமானத்தை 86-க்குப் பதில் 87 என்று ஒரே ஒரு புள்ளி தவறாக அளந்தால், சோயாவின் எண் 82.6-லிருந்து 85.3-க்குத் தாவும். ஒரு புள்ளி பிழை இரண்டே முக்கால் புள்ளியாகிறது. 100-ஐத் தாண்டிய செரிமான எண்கள் அட்டவணைகளில் இடம்பிடிப்பது இப்படித்தான். சோயா 84, கடலைப் புண்ணாக்கு 86 என்று பார்த்து, கடலைதான் உசத்தி என்று முடிவெடுப்பது வீண்வேலை. 85-க்கும் 70-க்கும் உள்ள இடைவெளிக்குத்தான் அர்த்தம் உண்டு.

நல்ல மீன்தூள், சரியாக வறுத்த சோயா, கடலைப் புண்ணாக்கு, கோதுமை மாவு, கணவாய்த் தூள் இவற்றின் புரதம் நீலக்காலிடம் பொதுவாக 80-க்கு மேல் செரிக்கிறது. இறங்குகிறவை எலும்பும் தோலும் மிகுந்த இறைச்சித்தூள், இறகுத்தூள், தவிடு, அதிகம் சூடுபட்ட எதுவும். இனத்தை விடத் தயாரித்த விதம்தான் எண்ணைத் தீர்மானிக்கிறது. அட்டவணையில் மீன்தூளுக்கு ஒரே எண் கொடுத்திருப்பார்கள். சந்தையில் மீன்தூள் என்று ஒரே பொருள் கிடையாது.

கச்சாப் புரதம் என்பது நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்கியது மட்டும்தான். நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அதை அளக்கும் கெல்டால் கருவி கேட்காது. யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதத்துக்கு மேல். மீன்தூளில் ஒரு சதவீதம் யூரியா கலந்தால் புரதம் 2.9 புள்ளி ஏறிவிடும். கண்டுபிடிக்க ஒரு நாட்டு வழி: பச்சை சோயாவை அரைத்து, மீன்தூளோடு கலந்து, வெதுவெதுப்பான நீர் விட்டு மூடி வையுங்கள். பச்சை சோயாவில் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும் யூரியேஸ் நொதி உண்டு. யூரியா இருந்தால் பத்து இருபது நிமிடத்தில் மூடியைத் திறக்கும்போது அம்மோனியா மூக்கைத் துளைக்கும். சந்தேகம் வராமலிருக்க, யூரியா இல்லாத நல்ல மீன்தூளில் ஒரு கிண்ணம் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மணல் கலந்திருப்பதை ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீர் காட்டிக்கொடுக்கும். கிளிஞ்சல் தூளை நீர்த்த அமிலம் நுரைத்துக் காட்டும்.

இறால் தலைத்தூள் இதைவிடச் சுவாரசியம், ஏனென்றால் இதில் யாரும் ஏமாற்றவில்லை. கைட்டினே நைட்ரஜன் உள்ள பொருள். சுத்தமான கைட்டினைக் கெல்டால் கருவியில் போட்டால் 43 சதவீதம் கச்சாப் புரதம் என்று வரும், அதில் புரதம் துளியும் இல்லை. தலைத்தூளில் 15 சதவீதம் கைட்டின் இருந்தால் பையில் எழுதிய 42-ல் ஆறரைப் புள்ளி மாயம். மிச்சம் 35.5. கைட்டினைக் கரைக்கும் நொதி இறாலிடம் உண்டுதான், ஆனால் சில மணி நேரத்தில் அது செய்யக்கூடியது கொஞ்சம். தலைத்தூள் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. வாசனைக்கும், கொலஸ்டிராலுக்கும், நிறத்துக்கும் 5 சதவீதம் சேர்ப்பது நல்லதே. கொலஸ்டிராலை இறாலால் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. முக்கியப் புரத மூலமாக நினைப்பதுதான் தப்பு.

சோயாவில் இரண்டு பக்கமும் குழி. வறுபடாவிட்டால் டிரிப்சின் தடுப்பான், அதிகம் வறுத்தால் லைசின் என்ற அமினோ அமிலம் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு பயனற்றுப் போகும். யூரியேஸ் சோதனையில் பி.எச். ஏற்றம் 0.05-லிருந்து 0.2-க்குள் இருந்தால் சரி. ஆனால் அந்தச் சோதனை வேகாததைத்தான் நன்றாகக் காட்டும், கருகியதைக் காட்டாது. கருகியதற்குப் பொட்டாஷ் காரக் கரைசலில் புரதம் எவ்வளவு கரைகிறது என்று பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே போனால் சந்தேகம், 85-க்கு மேலே போனால் வேக்காடு போதாது. பண்ணையில் செய்ய எளியது யூரியாவும் பீனால் ரெட் என்ற நிறங்காட்டியும் கலந்த கரைசல். தட்டில் சோயாத் தூளைப் பரப்பி நனைத்து ஐந்து நிமிடம் விட்டால், அங்கங்கே சிவப்புப் புள்ளி தெரிவது நல்ல சரக்கு. தட்டே சிவந்தால் பச்சை. அரைமணி ஆகியும் ஒரு புள்ளிகூட வரவில்லையென்றால் கருகியிருக்க வாய்ப்பு.

செரிமானத்தில் மட்டும் பார்த்தால் கடலைப் புண்ணாக்கு சோயாவோடு தோளுரசும். ஆனால் லைசினும், மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலமும் குறைவு. எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் தாராளம், லைசின் பஞ்சம், பைட்டேட்டும் அதிகம் என்பதால் துத்தநாகத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் கடலையையும் எள்ளையும் ஜோடி சேர்ப்பது இரண்டு ஏழைகளைச் சேர்த்துவைப்பது. சோயாவும் எள்ளும்தான் பொருத்தம். மெத்தியோனினைப் பொடியாக வாங்கிச் சேர்த்தால் நீரில் கரைந்துவிடும். மெழுகோ கொழுப்போ பூசியது இல்லாமல் பிரயோசனம் குறைவு. கடலையில் பூஞ்சை நஞ்சு வேறு பார்க்க வேண்டும். மழைக்காலச் சரக்கில் கட்டி தட்டியிருந்தால் வாங்கவே வேண்டாம்.

தவிட்டில் எண்ணெயைச் சிதைக்கும் நொதி அரைத்த நிமிடத்திலிருந்தே வேலையைத் தொடங்கிவிடும். ஒரு வாரத்தில் காறல் வாடை. ஆலையிலிருந்து வந்த அன்றே வறுக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் நீக்கிய தவிட்டை வாங்க வேண்டும். நாரை நீலக்கால் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பொறுத்துக்கொள்வது வேறு, செரிப்பது வேறு. சேலம் பக்கம் மலிவாகக் கிடைக்கும் மரவள்ளித் திப்பியை நிரப்பியாகப் போடுகிறவர்கள் குளத்தடியில் அதைத் திரும்பப் பார்ப்பார்கள். மரவள்ளி மாவு நல்ல மாவுச்சத்துதான், ஆனால் கோதுமையைப் போல ஒட்டும் பசைப்புரதம் அதில் கிடையாது. கூழாகக் காய்ச்சிச் சேர்த்தால்தான் குச்சி நிற்கும்.

ஒரு கலவையும் அதன் கணக்கும்

பண்ணையில் செய்துகொள்ளும் 100 கிலோவுக்கு: மீன்தூள் (60 சதவீதப் புரதம்) 18 கிலோ, சோயாப் புண்ணாக்கு (46) 28, கடலைப் புண்ணாக்கு (42) 12, எண்ணெய் நீக்கிய தவிடு (15) 15, மைதா (11) 22, மீன் எண்ணெய் 2, வைட்டமின்-தாதுக் கலவை 2, மோனோகால்சியம் பாஸ்பேட் 1. கச்சாப் புரதம் 33.4. மீன்தூளுக்கு 85, இரண்டு புண்ணாக்குக்கும் 88, தவிட்டுக்கு 65, மைதாவுக்கு 80 என்று செரிமானத்தை வைத்துக்கொண்டால் செரிக்கும் புரதம் 28.3 வருகிறது.

இப்போது கடலைப் புண்ணாக்கு 12 கிலோவை எடுத்துவிட்டு, 42 என்று எழுதிய தலைத்தூள் 12 கிலோவைப் போடுங்கள். கச்சாப் புரதம் அதே 33.4. கைட்டினைக் கழித்த 35.5-ல் முக்கால்பங்கு செரிக்கும் என்று வைத்தால், அந்த 12 கிலோ தருவது 3.2 கிலோ, முன்பு தந்தது 4.4. நூறு கிலோவுக்கு 1.2 கிலோ செரிக்கும் புரதம் காணாமல் போனது, பையில் எண் மாறாமலே. விலையை ஒப்பிடும்போதும் இதே வழிதான்: கிலோ விலையைப் புரதத்தாலும் செரிமானத்தாலும் வகுத்து, செரிக்கும் புரதம் ஒரு கிலோவுக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். மலிவுச் சரக்கு பல நேரம் அங்கே மலிவாக இருக்காது.

செய்முறையில் சுருக்கமாக: எல்லாவற்றையும் அரைத்துச் சலித்த பிறகு, மைதாவைக் கொதிநீரில் கூழாக்கி, எண்ணெயும் வைட்டமினும் தவிர மற்றதைச் சேர்த்துப் பிசைந்து, ஆவியில் அரைமணி வேகவைத்து, ஆறிய பிறகு அந்த இரண்டையும் கலந்து, 2 மில்லிமீட்டர் அச்சில் பிழிந்து, நிழலிலோ காற்றோட்டமான உலர்த்தியிலோ ஈரம் 10-க்குக் கீழே வரும்வரை காயவைக்க வேண்டும். வைட்டமின் சி சாதாரணப் பொடியாகப் போட்டால் காய்வதற்குள் பாதி போய்விடும், பாஸ்பேட் கட்டிய வகையை வாங்குங்கள். கொழுப்பு 5 முதல் 7 சதவீதம் போதும். 10-ஐத் தாண்டினால் குச்சியும் உதிரும், இறாலுக்கும் பயனில்லை.

குச்சி தேறியதா என்று பார்க்க 10 கிராமைச் சல்லடையில் வைத்து, காற்று ஓடும் நீரில் இரண்டு மணி நேரம் அமிழ்த்தி, எடுத்து உலர்த்தி எடை போடுங்கள். முதல் உலர் எடையில் 90 சதவீதமாவது நிற்க வேண்டும். அதே சமயம் கல் மாதிரி நிற்பதற்காகப் பசையைக் கூட்டிக்கொண்டே போனால் செரிமானம் இறங்கும்.

கண்காணிப்புத் தட்டில் பார்ப்பது

குளத்தில் அடையாளப் பொருளோ ஆய்வகமோ இல்லை. ஆனால் இறால் தின்றதா என்று பார்க்கத் தீவனத்தோடு இறக்கி வைக்கும் தட்டு இருக்கிறது. மாலைத் தீவனம் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கினால் மிச்சத்தை மட்டும் பார்க்காமல், கழிவு நூலையும் பாருங்கள். ஒரே நிறத்தில், நீளமாக, அறுபடாமல் இருந்தால் நல்லது. ஒரு நூலை விரல் நகத்தில் வைத்துக் கீறினால் தவிட்டுத் துணுக்கோ புண்ணாக்குக் குறுணையோ கண்ணுக்கே தெரிந்தால் அரைவை போதவில்லை. நூல் வெளிறி, துண்டு துண்டாக, நீரில் மிதந்தால் தீவனத்தைக் குறை சொல்வதற்கு முன் கணையக்கல்லீரலைப் பாருங்கள். அது சுருங்கியோ வெளுத்தோ இருந்தால் எந்தத் தீவனமும் செரிக்காது.

ஆய்வக எண்ணுக்கும் குளத்துக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. குளத்து இறால் குச்சியை மட்டும் தின்பதில்லை. சேற்றுப்புழு, நத்தைக்குஞ்சு, மட்கிய பொருள் எல்லாம் சேர்ந்தது அதன் சாப்பாடு. குறைவான அடர்த்தியில், நன்றாக உரமிட்ட குளத்தில், முதல் ஒன்றிரண்டு மாதம் 24, 26 சதவீதப் புரதத் தீவனமே போதும், இயற்கை உணவு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அடர்த்தி கூடி, புழுக்கள் தீர்ந்த பிறகுதான் 30-க்கு மேற்பட்ட புரதமும் மேலே சொன்ன செரிமானக் கணக்கும் காசைத் தீர்மானிக்கத் தொடங்கும். மார்கழி, தையில் நீர் 24 டிகிரிக்குக் கீழே இறங்கும் இடங்களில் தீவன அளவைப் பாதியாக்குங்கள். குளிரில் தின்பதும் குறையும், நொதியின் வேகமும் குறையும். போன வாரத்து அளவையே போட்டுக்கொண்டிருந்தால் தட்டில் மிச்சம் தெரிவதற்கு முன்பே அடிச்சேற்றில் முட்டை அழுகிய வாடை வந்துவிடும்.